பெர்முடாவின் ஹாப்கின்ஸும் பிளிமத்தின் ஹாப்கின்ஸும்: ஒரு குடும்ப சரித்திர விசாரணை

1. வினா

1609ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், வர்ஜீனியாக் குடியேற்றத்துக்கு ஜனங்களையும் தானியங்களையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ‘ஸீ வென்ச்சர்’ என்னும் கப்பல், கடும் புயலில் அகப்பட்டுப் பெர்முடாத் தீவின் பாறைகளுக்கிடையே செருகி நின்றபோது, அதிலிருந்து உயிர்தப்பிக் கரையேறிய சுமார் 150 பேருள் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்னும் பெயருடைய ஒருவர் இருந்தார். பதினோராண்டுகள் கழித்து, 1620 நவம்பரில், கேப் காட் முனையருகே நங்கூரமிட்ட ‘மேபிளவர்’ கப்பலில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதில் கையொப்பமிட்ட 41 ஆடவருள்ளும் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்னும் பெயருடைய ஒருவர் இருந்தார். இவ்விருவரும் ஒருவர்தாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இதனை வெறும் பெயராராய்ச்சி என்று ஒதுக்கிவிடலாகாது. இருவரும் ஒருவரே என்பது உறுதியானால், மேபிளவரில் வந்த 102 பிரயாணிகளுள் அமெரிக்க மண்ணை முன்னரே மிதித்து, அங்குள்ள பட்டினியையும் ஆட்சிமுறையையும் சுதேச மக்களின் வழக்கங்களையும் நேரில் அறிந்திருந்தவர் இவர் ஒருவரே என்பது பெறப்படும். பிளிமத் குடியேற்றத்தின் முதலிரண்டு ஆண்டுச் சம்பவங்கள் பலவற்றுக்கு அப்பொழுது வேறொரு விளக்கம் கிடைக்கும். இருவரும் வேறானவர் என்றாலோ, அமெரிக்கக் குடும்பங்கள் பல தலைமுறையாகப் பெருமையுடன் சொல்லிவரும் ஒரு கதை பாதியாகக் குறைந்துபோகும். இவ்வளவு பாரம் தாங்கும் ஒரு முடிவு எத்தகைய அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது என்பதை விசாரிப்பது சரித்திர மாணவனின் கடமை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இருவரும் ஒருவரே என்னும் முடிவு நம்பத்தக்கது. ஆனால் அதனை நம்பத்தக்கதாக்கிய சான்று, கப்பல்களைப் பற்றிய புகழ்பெற்ற நூல்களிலிருந்தோ, அவர் புரிந்த சாகசங்களிலிருந்தோ வந்ததன்று. ஒரு கிராமத்தில் கணவனின்றி இறந்த ஒரு பெண்ணின் அடக்கக் குறிப்பிலிருந்தும், அவள் பெற்ற மூன்று குழந்தைகளின் ஞானஸ்நானக் குறிப்புகளிலிருந்தும் வந்தது. வம்சாவளி எழுதுவோர் எவர்களைக் கிளைகளென்று கருதி விரைந்து கடந்து போனார்களோ, அவர்களே மூலபுருஷனுக்கு முகவரி தந்தார்கள்.

2. முந்தைய கொள்கைகள்

அமெரிக்காவில் குடும்ப சரித்திரம் ஒரு தனித்துறையாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நியூ இங்கிலாந்து சரித்திர வம்சாவளிச் சங்கம் 1845இல் பாஸ்டன் நகரில் தோன்றியது; மேபிளவர் பிரயாணிகளின் சந்ததியார் தமக்கென ஒரு பொதுச் சங்கத்தை 1897இல் நிறுவிக்கொண்டார்கள். பிளிமத் குடியேற்றத்தின் கவர்னராக நெடுங்காலம் இருந்த வில்லியம் பிராட்போர்டு தம் கைப்பட எழுதிவைத்த சரித்திரம், பலகாலம் காணாமற்போய், 1855இல் லண்டன் பிஷப்பின் புல்ஹாம் மாளிகை நூல்நிலையத்தில் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, மறு ஆண்டு அச்சேறியது. அதன் மூலப்பிரதியும் 1897இல் மாஸசூஸெட்ஸுக்குத் திரும்பிவந்தது. அந்நூலின் முடிவில் பிராட்போர்டு சேர்த்திருந்த பிரயாணிகள் பட்டியல், எந்தக் குடும்பம் எவ்வாறு பெருகிற்று, எவர் எங்கே மாண்டார் என்பதை 1651ஆம் ஆண்டு நிலையில் கூறுவதால், வம்சாவளியாளர்களுக்கு அது பெருநிதியாயிற்று.

ஆயினும் நிதி கிடைத்த இடத்தில் ஆசையும் கிடைத்தது. தம் முன்னோருக்கு இங்கிலாந்தில் ஒரு பிரபு வம்சத்தைத் தேடிக் கொடுப்பதில் பலர் அக்கறை காட்டினர். குஸ்டாவ் ஆன்ஜு போன்ற சிலர் பணம் பெற்றுக்கொண்டு பொய் வம்சாவளிகளையே உற்பத்தி செய்து விற்றார்கள். ஹாப்கின்ஸ் விஷயத்திலும் இத்தகைய கலப்படம் நேர்ந்தது. அவருடைய முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்னும் மாது என்று நெடுங்காலம் நூலுக்கு நூல் எழுதப்பட்டு வந்தது. அதற்கு ஆதாரமான பழஞ்சுவடி எதுவும் இல்லை. அவர் பிறந்த ஊர் கிளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்றும் ஒரு கொள்கை வழங்கிற்று. ஸ்டீபன் என்பதும் ஹாப்கின்ஸ் என்பதும் அக்கால இங்கிலாந்தில் அரிய பெயர்களல்ல. ஆகவே, ஓர் ஊரில் அப்பெயருள்ள குழந்தை ஒன்று ஏற்ற வயதில் பிறந்திருந்தது என்பதனால் மட்டும் அக்குழந்தையே மேபிளவர் பிரயாணி என்று கொள்வதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டில், 1922இல் டொனால்டு லைன்ஸ் ஜேகபஸ் தொடங்கிய சஞ்சிகையைச் சுற்றி உருவான ஆராய்ச்சிக் குழுவினர், ஒவ்வோர் உறவுக்கும் சமகாலச் சான்று காட்டவேண்டும், காட்ட இயலாதவிடத்து வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைப் புகுத்தினர். அதன் பயனாக டட்லி அம்மையார் பட்டியலிலிருந்து நீங்கினார். வாட்டன் கொள்கையும் தளர்ந்தது. அவற்றின் இடத்தில் எதனை வைப்பது என்னும் கேள்விக்கு விடை 1998 வரை கிடைக்கவில்லை.

3. ஹர்ஸ்லி ஆலயத்தின் பதிவேடு

இங்கிலாந்தின் ஒவ்வோர் ஆலயத்திலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் பதியவேண்டும் என்று 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த உத்தரவு, சாமானிய மக்களின் சரித்திரத்துக்கு வாய்த்த பெரும் பாக்கியமாகும். அந்த ஏடுகளைப் பயன்படுத்துவோர் மனத்திற்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அக்காலத்து ஆங்கில வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. ஆகையால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் மார்ச்சின் பெரும்பகுதியும் பழைய வருஷத்திலேயே எண்ணப்பட்டன. இதனை மறந்து கணக்கிட்டால் ஒரு குழந்தையின் வயதில் ஓராண்டு பிசகும்.

காலெப் ஜான்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 1998இல் வெளியிட்ட கட்டுரை, ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஹர்ஸ்லி என்னும் கிராமத்தின் ஏட்டை முன்வைத்தது. அங்கே ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவரின் மூன்று குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள்: எலிஸபெத் 1605 மார்ச் 13இலும், கான்ஸ்டன்ஸ் 1606 மே 11இலும், ஜைல்ஸ் 1608 ஜனவரி 30இலும். (இவ்வாண்டுகளைத் தற்கால வழக்குப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.) அவர்களுடைய தாயாகிய மேரி ஹாப்கின்ஸ் 1613 மே 9இல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டாள்.

இக்குறிப்புகளைப் பிராட்போர்டின் பட்டியலோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். மேபிளவரில் ஹாப்கின்ஸுடன் அவர் மனைவி எலிஸபெத்தும், முந்தைய மனைவிக்குப் பிறந்த ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ் என்னும் இரு பிள்ளைகளும், இரண்டாம் மனைவிக்குப் பிறந்த தாமரிஸும், நடுக்கடலில் பிறந்தமையால் ஓஷியானஸ் என்று பெயரிடப்பட்ட சிசுவும், எட்வர்டு டோட்டி, எட்வர்டு லிஸ்டர் என்னும் இரண்டு வேலையாட்களும் வந்ததாக அவர் எழுதுகிறார். ஸ்டீபன் என்னும் தந்தைக்கு ஜைல்ஸ் என்னும் மகனும் கான்ஸ்டன்ஸ் என்னும் மகளும் இருந்தனர், அவர்களுடைய தாய் 1620க்கு முன்பே இறந்திருந்தாள் என்னும் இந்த நான்கு அம்சங்களும் ஹர்ஸ்லியில் அப்படியே பொருந்துகின்றன. ஒரு பெயர் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். தகப்பன், மகன், மகள் ஆகிய மூவரின் பெயர்களும், தாயின் மரண காலமும், பிள்ளைகளின் வயதும் ஒரே கிராமத்தின் ஒரே ஏட்டில் கூடிநிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்குவது எளிதன்று. அதிலும் ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ் ஆகிய இரண்டும் ஜான், மேரி என்பனபோல் வீட்டுக்கு வீடு வழங்கிய பெயர்களல்ல என்பதையும் கருதவேண்டும்.

இந்த ஏடு வேறொரு திருத்தத்தையும் செய்கிறது. பிராட்போர்டு ஜைல்ஸை முன்னும் கான்ஸ்டன்ஸைப் பின்னும் எழுதியிருப்பதால் மகனே மூத்தவன் என்று எண்ணத் தோன்றும். ஏட்டின்படி கான்ஸ்டன்ஸ் தன் தம்பியைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவள். ஆண்மகனை முதலில் சொல்லும் அக்கால வழக்கமே பட்டியலின் வரிசைக்குக் காரணம் என்று கொள்ளலாம்.

ஸ்டீபனின் சொந்தப் பிறப்பைப் பற்றிய சான்று இந்த அளவுக்கு உறுதியானதன்று. அதே ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த அப்பர் கிளாட்போர்டு என்னும் ஊரில் 1581 ஏப்ரல் 30இல் ஞானஸ்நானம் பெற்ற, ஜான் ஹாப்கின்ஸின் மகனே இவர் என்று 2004இல் வெளிவந்த ஒரு கட்டுரை நிறுவ முயன்றது. வயதும் பிரதேசமும் இசைகின்றன. அக்கட்டுரையாசிரியர் தம் முடிவைச் சாத்தியமானது என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் போற்றற்குரியது. ஹர்ஸ்லிக் குடும்பம் நிரூபிக்கப்பட்டது, கிளாட்போர்டுப் பிறப்பு சம்பாவிதமானது என்று இரண்டையும் வேறுவேறு படிகளில் வைப்பதே நேர்மையாகும்.

4. பெர்முடாவின் கலகக்காரர்

ஹர்ஸ்லிச் சான்று மேபிளவர் பிரயாணியின் பழைய வீட்டைக் காட்டிற்று. அந்த வீட்டிலிருந்து பெர்முடாவுக்கு வழி உண்டா என்பது அடுத்த கேள்வி.

பெர்முடாச் சம்பவங்களுக்கு முதன்மையான சாட்சி, அக்கப்பலில் பிரயாணம் செய்த வில்லியம் ஸ்ட்ரேச்சி. 1610 ஜூலையில் நிருபமாக எழுதப்பெற்ற அவருடைய விவரணம் 1625இல்தான் அச்சேறியது. கடற்படைத் தலைவர் ஸர் ஜார்ஜ் ஸாமர்ஸ், வர்ஜீனியாவுக்குக் கவர்னராக நியமனம் பெற்றிருந்த ஸர் தாமஸ் கேட்ஸ், மாலுமித் தலைவர் கிறிஸ்டபர் நியூபோர்ட் ஆகிய மூவரும் அக்கப்பலில் இருந்தனர். தீவிலோ பன்றிகளும் மீன்களும் ஆமைகளும் பறவைகளும் ஏராளமாக இருந்தமையால், இந்தச் செழிப்பை விட்டுவிட்டுப் பட்டினியும் கடுமுயற்சியும் காத்திருக்கும் வர்ஜீனியாவுக்கு ஏன் போகவேண்டும் என்னும் எண்ணம் சிலர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வெண்ணத்துக்குத் தர்க்கரீதியான உருவம் கொடுத்தவர் ஹாப்கின்ஸ்.

அவர் பாதிரியார் ரிச்சர்டு பக் என்பவரிடம் உதவியாளராக இருந்து, ஞாயிறு வழிபாட்டில் சங்கீதங்களை வாசித்தவர். வேதாகமத்தில் தேர்ச்சியும் வாதத்திறமையும் உடையவர் என்று ஸ்ட்ரேச்சியே சான்று கூறுகிறார். கப்பல் உடைந்த அன்றே கவர்னரின் அதிகாரமும் உடைந்துவிட்டது, அதற்குப்பின் ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சிக்கும் தன் குடும்பத்துக்குமே கடமைப்பட்டவன் என்பது அவர் வாதத்தின் சாரம். அதனை அவர் சாமுவேல் ஷார்ப், ஹம்ப்ரி ரீட் என்னும் இருவரிடம் வெளியிட, அவர்கள் அதிகாரிகளிடம் தெரிவித்தனர். 1610 ஜனவரி 24இல் அவர் கைது செய்யப்பட்டு, படைச்சட்டப்படி விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டார். அப்பொழுது அவர் தம் பிழையை எண்ணி அழுது, தாம் இறந்தால் தம் மனைவியும் குழந்தைகளும் அழிந்துபோவார்கள் என்று முறையிட்டார். ஸ்ட்ரேச்சியும் நியூபோர்ட்டும் கவர்னரிடம் பரிந்துரைத்து, அவருக்கு மன்னிப்புப் பெற்றுத் தந்தனர். சில வாரங்களுக்குப்பின் வேறொரு கலகத்தில் அகப்பட்ட ஹென்றி பெய்ன் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை நினைத்தால், ஹாப்கின்ஸின் உயிர் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிற்று என்பது விளங்கும்.

அவ்வாண்டு மே மாதம், தீவிலேயே கட்டிய ‘டெலிவரன்ஸ்’, ‘பேஷன்ஸ்’ என்னும் இரு சிறு கலங்களில் பெரும்பாலோர் ஜேம்ஸ்டவுன் சேர்ந்தபோது, அங்கே கொடும் பஞ்சத்துக்குத் தப்பிப் பிழைத்திருந்தவர் சுமார் 60 பேரே.

அந்த முறையீட்டைக் கேட்டு மன்னித்தவர்கள் அதை இரக்கத்துக்குரிய சொல்லாகக் கொண்டார்கள். ஆராய்ச்சியாளனுக்கோ அது ஓர் அடையாளக் குறி. பெர்முடா ஹாப்கின்ஸ் மணமானவர். அவருக்குக் குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டோர் இங்கிலாந்தில் இருந்தனர். ஹர்ஸ்லி ஹாப்கின்ஸுக்கோ கப்பல் புறப்பட்ட 1609 ஜூனில் ஒரு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தனர். அக்குழந்தைகளில் கடைசியானவனுக்கு அப்பொழுது ஒன்றரை வயது நிறையவில்லை. 1608க்குப்பின் அந்த ஏட்டில் இத்தம்பதிகளுக்கு வேறு குழந்தை பிறந்ததாகக் குறிப்பில்லை. வீட்டில் கணவன் இல்லாத காலமும் கடலில் ஒருவன் இருந்த காலமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

5. எதிர்வாதங்கள்

ஒரு முடிவின் வலிமை அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை அது எவ்வாறு தாங்குகிறது என்பதில் இருக்கிறது. ஆகவே மூன்று எதிர்வாதங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மிகவும் கனமானது. மேரி அடக்கம் செய்யப்பட்ட மறுநாளான 1613 மே 10இல் எடுக்கப்பட்ட அவளுடைய உடைமைகளின் ஜாபிதா, அவளை விதவை என்று குறிக்கிறது. கணவன் அதற்கு முன்பே இறந்துவிட்டானென்றால், ஹர்ஸ்லி ஸ்டீபன் மேபிளவரில் வந்திருக்க இயலாது. நாம் கட்டிய கட்டடம் முழுவதும் சரியும். ஆனால் அந்தச் சொல்லை எழுதியவர்கள் எதனை அறிந்து எழுதினார்கள் என்று கேட்கவேண்டும். அவ்வூரில் ஸ்டீபன் ஹாப்கின்ஸுக்கு அடக்கக் குறிப்பு இல்லை; அவருடைய சொத்தைப் பற்றிய தஸ்தாவேஜும் இல்லை. கப்பலேறிப் போனவன் நான்காண்டுகளாக வீடு திரும்பவில்லை. ஸீ வென்ச்சர் மூழ்கிவிட்டது என்ற செய்தியோ 1609 இறுதியிலேயே இங்கிலாந்தை எட்டியிருந்தது. அந்நிலையில் அண்டை அயலார் அவளை விதவையாகக் கருதியிருப்பது இயல்பே. மேலும், அவளுடைய சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு, கான்ஸ்டன்ஸ், எலிஸபெத், ஜைல்ஸ் ஆகிய மூன்று குழந்தைகளும் வயதடையும்வரை ராபர்ட் லைட், தாமஸ் ஸிம்ஸ் என்னும் வேறிருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணவன் ஊரிலிருந்தால் இது நேர்ந்திராது. எனவே, முதல் நோக்கில் பகையாகத் தோன்றிய இந்தத் தஸ்தாவேஜு, ஊன்றி நோக்கும்போது அவர் ஊரில் இல்லை என்பதற்குச் சாட்சியாகிறது. எனினும், அந்த ஒரு சொல் முற்றிலும் கரைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. எதிர்காலத்தில் வேறு சான்று எழுந்தால் அது முதலில் தாக்கப்போவது இந்த இடத்தையே.

இரண்டாவது எதிர்வாதம், பிராட்போர்டின் மௌனம். இருபதாண்டுக்கு மேல் ஹாப்கின்ஸை அண்டை வீட்டாராக அறிந்தவர், அவருடைய பெர்முடா அனுபவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறவில்லை. ஆனால் அப்பட்டியலில் அவர் எந்தப் பிரயாணியின் முந்தைய வாழ்க்கையையும் விரித்துரைப்பதில்லை. மரண தண்டனை பெற்று மன்னிக்கப்பட்ட சரிதத்தை ஹாப்கின்ஸ் தாமே பறைசாற்றியிருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. மௌனத்திலிருந்து பெறும் வாதம் இங்கே வலுவற்றது.

மூன்றாவது, நம் தரப்பிலேயே இருக்கும் பலவீனம். அளவுக்கு மேல் நிரூபிக்க விரும்பும் ஆசை அது. மேபிளவர் கப்பல் வர்ஜீனியா எல்லைக்கு வடக்கே கரை சேர்ந்தபோது, லேடனிலிருந்து வந்த சமயப் பிரிவினரைச் சேராத அந்நியர் சிலர், இங்கே தம்மை ஆளும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்று கலகமாகப் பேசியதாகவும், அதனாலேயே உடன்படிக்கை எழுத நேர்ந்ததாகவும் பிராட்போர்டு கூறுகிறார். ஹாப்கின்ஸும் அந்நியருள் ஒருவர். அந்தப் பேச்சும் பெர்முடாவில் அவர் பேசியதன் எதிரொலிபோல் ஒலிக்கிறது. ஆதலால் கலகப் பேச்சின் கர்த்தா அவரே என்று பலர் எழுதிவிட்டனர். பிராட்போர்டு எவர் பெயரையும் குறிக்கவில்லை. கடலில் பாதை தவறிய குடியேற்றக்காரர் எவர்க்கும் எழக்கூடிய எண்ணம் அது. இவ்வாறே, ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் வரும் ஸ்டெபானோ என்னும் குடிகாரப் பாத்திரத்துக்கு இவரே மூலம் என்பதும் ரசமான யூகமே. இவ்விரண்டும் ஒருமைப்பாட்டுக்கு ஆதாரங்களாகா; ஒருமைப்பாட்டை முதலில் ஒப்புக்கொண்டபின் தோன்றும் கற்பனைகள் இவை. இவற்றை ஆதாரமாகக் காட்டுவது, சாத்தியத்தையே ஏதுவாக வைக்கும் தர்க்கப் பிழையாகும்.

6. பிளிமத் இல்லம்

ஆனால் பெயர் குறித்து எழுதப்பட்ட சம்பவங்கள் உண்டு; அவை வேறு தரத்தன. 1620 நவம்பரில் கரையில் ஒற்றறியச் சென்ற முதற் குழுவில் ஹாப்கின்ஸ் இருந்தார். காட்டு வழியில் வளைத்துக் கட்டிய ஓர் இளமரமும் அதனடியில் சிதறிய விதைகளும் கண்டு மற்றவர்கள் திகைத்தபோது, அது மான் பிடிக்கும் கண்ணி என்று சொன்னவர் அவர். பின்னால் வந்த பிராட்போர்டு அதிலேயே கால் சிக்கினார். 1621 மார்ச்சில் ஸமோஸெட் என்னும் சுதேசி ஆங்கில மொழியில் முகமன் கூறிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது, அன்றிரவு அவரைத் தங்கவைத்தது ஹாப்கின்ஸின் வீட்டில். அவ்வாண்டு ஜூலையில் வாம்பனோவாக் மக்களின் தலைவர் மஸ்ஸஸாய்ட்டிடம் தூது சென்ற இருவருள் எட்வர்டு வின்ஸ்லோ ஒருவர், ஹாப்கின்ஸ் மற்றவர். வழிகாட்டியாகச் சென்றவர் டிஸ்குவான்டம். ஒரு சிவப்பு மேலங்கியும் செப்புச் சங்கிலியும் கையுறையாகக் கொண்டு சென்ற அவர்கள், உணவு அரிதாயிருந்த அந்த இல்லத்தில், பலகைக் கட்டிலின் ஒரு தலைப்பில் மஸ்ஸஸாய்ட்டும் அவர் மனைவியும் படுக்க, மறு தலைப்பில் தாங்கள் படுத்து இரவைக் கழித்தனர்.

வினைத்திறமுடைய மற்றவர் பலர் இருக்க, சுதேசிகளோடு நேரும் தொடர்புகளில் திரும்பத் திரும்ப இவர் பெயரே வருவது, அவருக்கு முன்னனுபவம் இருந்தது என்னும் கொள்கைக்கு இசைவானது. நிரூபணம் ஹர்ஸ்லியில் இருக்கிறது. அதன் வெளிச்சத்தில் இச்சம்பவங்கள் பொருள் பெறுகின்றன. இந்த முறையே சரியானது. இதனைத் தலைகீழாக்குவது தவறு.

பிற்கால வாழ்க்கை அத்தனை பிரகாசமானதன்று. 1636 வரை கவர்னரின் உதவி ஆலோசகராக இருந்தவர், அவ்வாண்டே ஜான் டிஸ்டேல் என்பவரை அடித்ததற்காகத் தண்டம் கட்டினார். அடுத்த ஆண்டுகளில், ஓய்வுநாளில் தம் வீட்டில் பிறரைக் குடிக்க விட்டதற்காகவும், ஒரு பென்னி பெறும் பீரை இரண்டு பென்னிக்கும், ஒன்பது பென்னிக்குக் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதினாறு பென்னிக்கும் விற்றதற்காகவும் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டார். அதிகாரத்துக்கு எளிதில் வணங்காத சுபாவம் பெர்முடாவிலிருந்து பிளிமத்வரை மாறாமல் தொடர்ந்தது என்று ஒருவர் கருதுவாராயின் அதனை மறுப்பதற்கில்லை.

7. வம்சாவளி விட்டுவைத்தவர்கள்

இவ்வளவும் குடும்பத் தலைவரைப் பற்றியது. குடும்பம் என்பது தலைவர் மட்டுமன்று.

மூத்த மகளான எலிஸபெத், 1613இல் தாயின் சொத்துப் பத்திரத்தில் உயிரோடிருக்கிறாள். 1620இல் கப்பலில் இல்லை. தமக்கை இல்லாமல் தங்கையும் தம்பியும் கடல் கடந்தனர். ஓஷியானஸும் கப்பலில் வந்த தாமரிஸும் 1627ஆம் ஆண்டில் மாடுகளைப் பங்கிட்டபோது எழுதிய பட்டியலில் காணப்படவில்லை. ஊராரைப் பதின்மூவராகப் பகுத்த பன்னிரண்டு கூட்டங்களில் இக்குடும்பம் ஏழாவது. அதே கூட்டத்தில் கான்ஸ்டன்ஸ் தன் கணவர் நிக்கலஸ் ஸ்னோவுடன் நிற்கிறாள்.

தகப்பன் பெயரைச் சுமக்கும் ஆண்வழியை மட்டும் பின்பற்றும் வம்சாவளிக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பிளிமத்தில் பிறந்த மகன் கேலெப், மாலுமியாகி 1651க்குள் பார்படோஸில் மாண்டான்; ஆகவே ஹாப்கின்ஸ் என்னும் பெயர் ஜைல்ஸ் ஒருவர் வழியாகவே தழைத்தது. கான்ஸ்டன்ஸுக்கோ அவ்வாண்டில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தனர், பன்னிருவரும் உயிரோடிருந்தனர் என்று பிராட்போர்டு எழுதுகிறார். அந்தப் பெரிய சந்ததி ஸ்னோ என்னும் பெயராலும் பிற பெயர்களாலும் பரவிற்று. பெயரைத் தேடுபவன் குடும்பத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறான்.

வேலையாட்களின் நிலையும் இத்தகையதே. டோட்டியும் லிஸ்டரும் 1621 ஜூனில் வாளும் குத்துவாளும் கொண்டு துவந்த யுத்தம் புரிந்து, தலையும் காலும் சேர்த்துக் கட்டப்படும் தண்டனை பெற்று, எஜமானரின் வேண்டுகோளின்பேரில் விரைவில் விடுவிக்கப்பட்டனர். அந்த டோட்டியே பின்னர் நிலமுடையவராகி, இன்று பல்லாயிரவர் தம் மூதாதை என்று கொண்டாடும் பெரியதொரு குடும்பத்துக்கு வித்தானார். டாரதி டெம்பிள் என்னும் பணிப்பெண்ணுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. சுதேசி ஒருவரைக் கொன்ற குற்றத்துக்காக 1638இல் தூக்கிலிடப்பட்ட ஆர்தர் பீச் என்பவனால் கருவுற்ற அவளையும் அவள் குழந்தையையும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை காப்பாற்றும் கடமை ஹாப்கின்ஸுடையது என்று நியாயஸ்தலம் தீர்மானித்தது. அவர் மறுத்துக் காவலில் வைக்கப்பட்டார். முடிவில் மூன்று பவுன் பெற்றுக்கொண்டு ஜான் ஹோம்ஸ் என்பவர் அவளை ஏற்றுக்கொண்டார். தம் மனைவி மக்கள் அழிவார்கள் என்று முறையிட்டு உயிர்ப்பிச்சை பெற்றவர், ஆதரவற்ற ஒரு தாயையும் சேயையும் தம் வீட்டினின்று தள்ளியது நெஞ்சை வருத்துவது. குடும்ப சரித்திரம் எழுதுவோர் இதனை மறைக்கலாகாது.

குடியேற்றம் நிகழ்ந்த நிலமும் வெறுநிலமன்று. பிளிமத் அமைந்த இடம், 1616க்கும் 1619க்கும் இடையே பரவிய கொள்ளைநோயில் மக்களை இழந்த பட்டுக்ஸெட் என்னும் கிராமம். டிஸ்குவான்டம் பிறந்த ஊர் அதுவே. அவர் 1614இல் தாமஸ் ஹன்ட் என்பவனால் கடத்திச் செல்லப்பட்டு, திரும்பி வந்தபோது ஊரில் உற்றார் எவரும் இல்லை. ஹாப்கின்ஸ் வம்சத்தார் வேரூன்றிய மண்ணில் வேறொரு வம்சம் வேரற்றுப் போயிருந்தது. முதலதை எழுதும் நூல் இரண்டாவதற்கும் இடம் தரவேண்டும்.

8. முடிவுரை

1644 ஜூன் 6இல் எழுதிய மரணசாஸனத்தில் ஹாப்கின்ஸ், முன்னரே இறந்த மனைவி எலிஸபெத்தின் அருகே தம்மை அடக்கும்படி கேட்டுக்கொண்டு, ஜைல்ஸுக்குத் தம் பெரிய காளையையும், கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண் குதிரையையும் விட்டுச் சென்றார். அடுத்த மாதம் 17ஆம் தேதிக்குள் அவர் இறந்துவிட்டார். ஹர்ஸ்லியில் பெயரிடப்பட்ட அவ்விரு குழந்தைகளும் இங்கே காளைக்கும் குதிரைக்கும் உரியவர்களாகத் தோன்றும்போது, 1606இல் தொடங்கிய சான்றுச் சங்கிலி 1644இல் பூர்த்தியாகிறது.

சான்றுகளைத் தரம்பிரித்தால் நிலைமை இதுவாகும். ஹர்ஸ்லிக் குடும்பமும் மேபிளவர் குடும்பமும் ஒன்றே என்பது, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றித் துணியப்பட்டது. அந்த ஹாப்கின்ஸே பெர்முடாவில் மன்னிக்கப்பட்டவர் என்பது, பெயராலும், மனைவி மக்களைப் பற்றிய முறையீட்டாலும், ஊரில் அவர் காணப்படாத ஆண்டுகளாலும் மிகவும் சம்பாவிதமானது; அதற்கு மாறான சான்று ஒன்றும் இதுவரை நிலைக்கவில்லை. அப்பர் கிளாட்போர்டுப் பிறப்பு ஏற்கத்தக்கது, உறுதியன்று. கப்பலில் கலகம் பேசியவர் இவர் என்பதும் நாடகப் பாத்திரத்துக்கு மூலமானவர் இவர் என்பதும் யூகங்கள்.

பல்லாண்டுகள் பிரபு வம்சங்களிடையே தேடியும் கிடைக்காதது, மேரி ஹாப்கின்ஸின் சிறிய வீட்டை ஒருவர் பொறுமையோடு பார்த்தபோது கிடைத்தது. இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய அதிர்ஷ்டமன்று. ஆராய்ச்சி முறைக்கே உரிய நியதி. கடல் கடந்து சென்ற ஒருவனை அறிய விரும்புவோர் அவன் சென்ற கப்பலை மட்டும் தொடர்ந்து போதல் போதாது. அவன் விட்டுச்சென்ற வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களைப் பற்றி ஊர் ஏடு என்ன சொல்லுகிறது என்பதை முதலில் கேட்கவேண்டும். மனைவியையும் மகளையும் பணிப்பெண்ணையும் அடிக்குறிப்பில் ஒதுக்கும் வம்சாவளி அநீதியானது மாத்திரமன்று, சான்று என்ற அளவிலும் குறைபாடுடையது.